அடுப்படிப் பெரட்டு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் நாளைய பொழுது முந்தின நாள் விளக்கு வைத்ததுமே தொடங்கிவிடும். அதற்குக் காரணம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. சாப்பாடு முடிந்ததும் ஒரு தகரத் தட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கரண்டியால் தட்டுவார். உடனே எல்லோரும் அடுப்புக்கு முன்னால் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அண்ணன், நான், அப்பா உட்பட. அப்பா முனகிக்கொண்டே நிற்பார். அம்மா வாயும் வயிறுமாக இருந்ததால் அவளுக்கு மட்டும் உட்கார்ந்துகொள்ள அனுமதி உண்டு.

நாங்கள் இருந்தது இலங்கையில் குருவிட்ட என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில் குடும்பத்துக்கு ஓர் அறை, அதைக் காம்பரா என்போம். வெள்ளைக்காரத் துரை குதிரையில் ஏறி வந்து தோட்டத்து மலைகளைப் பார்த்த காலம் அது. விடியுமுன் தப்பு அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஆட்கள் போய் வரிசையில் நின்றால் கங்காணி இன்னாருக்கு இன்ன மலை, இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவார். ஒரு நாளைக்கு ஒரு பெரட்டே மனுஷனுக்குப் போதும். எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு.

மாமா முந்தின வருஷ மழைக்குப் பிறகுதான் எங்களிடம் வந்தார். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் கம்பளியுமாக இறங்கி வந்தவருக்கு, ரப்பர் தகடுகளைப் புகை போட்டு உலர்த்தும் வீட்டில் நெருப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. அத்தை அவரோடு வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். ஊர் என்றால் எங்களுக்குக் கடல் தாண்டி இருக்கும் இந்தியாதான். கப்பலில் போனவர்கள் திரும்ப நாளாகும் என்று எனக்குத் தெரியும், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. வரும்போது எனக்குச் சாந்துப்பொட்டு வாங்கி வருவாள் என்று நான்பாட்டுக்கு எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் கொள்கை சுலபமானது. "காலையில எந்திரிச்சு யோசிச்சா அந்த நாளே ஓடிப்போயிரும். இன்னைக்கே யோசிச்சு வச்சிட்டா நாளைக்குக் கை மட்டும் வேல செஞ்சாப் போதும், மண்டைக்கு லீவு," என்பார். அண்ணன் விறகைப் பிளந்து அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைத் தீட்டி வாளியோடு கதவோரம் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். நான் பானைகளில் தண்ணீர் நிரப்ப வேண்டும், விளக்குச் சிம்னியைத் துடைக்க வேண்டும், நெருப்புப்பெட்டியை எண்ணெய்த் துணியில் சுற்றி எப்போதும் ஒரே மாடத்தில் வைக்க வேண்டும். அவர் சொன்னதை அவரவர் திருப்பி ஒப்பிக்கவும் வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து.

உள்ளதைச் சொல்ல வேண்டும், வீடு திருந்தித்தான் போனது. முன்பெல்லாம் பெரட்டுக்குக் கடைசியாக ஓடி, தூரத்து மேட்டு மலையை வாங்கிக்கொண்டு வந்த அப்பா, இப்போது முன்வரிசையில் நின்று நல்ல மலையாகப் பெற்றார். அம்மா நெருப்புப்பெட்டியைத் தேடி என்னைத் திட்டுவது நின்றது. வேலை சீக்கிரம் முடிந்தால் விளையாடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. இன்றைக்குச் சீக்கிரம் முடித்தால் நாளைக்கு இன்னொரு வேலை கூடும், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வரும். பெரிய மனுஷர் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

லயத்தில் மாமாவுக்கு அடுப்படித் துரை என்று பெயர் விழுந்துவிட்டது. முன்புறத் தாழ்வாரத்தை நாங்கள் இஸ்தோப்பு என்போம். அங்கே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள் அவரைக் கண்டால் விட மாட்டார்கள். "என்னங்க தொர, நாளைக்கு மழ பெய்யலாமா, உத்தரவு உண்டா?" என்று கேட்பார்கள். மாமா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று சுத்தப் பைத்தியக்காரத்தனம். தினமும் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய், நடு ஆற்றில் நிற்கும் கருங்கல்லில் தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டதுதான் அந்த ஆற்றுக்குப் பாலம். அக்கரையில் சிங்களக் கிராமம். அங்கே இருந்த சிங்கள அம்மாதான் எங்கள் தோட்டத்துக்கும் சேர்த்து மருத்துவச்சி. நான் அந்தக் கல்லுக்குப் பாதம், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று மனதுக்குள் அங்கம் வைத்திருந்தேன். "முழங்கால் வரைக்கும், மாமா," என்றால் தலையாட்டிவிட்டு, மறுநாள் வேலைகளைச் சொல்வார். கழுத்து வரைக்கும் வந்தால் மட்டும் பெரட்டுக்குக் காத்திருக்காமல் ஓடி வந்து சொல்ல வேண்டும். குளிக்கக்கூட அந்த ஆற்றில் இறங்காத மனுஷனுக்கு அதன் கழுத்து எதற்கு என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஒரு நாள் எங்கள் பக்கத்தில் நல்ல வெயில். ஆனால் மேல்மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. ஆற்றங்கரைக்குப் போனால் தண்ணீர் செம்மண்ணாகக் கல்லின் கழுத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஓடி வந்து சொன்னேன். மாமா பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டை அடித்தார். நாளைக்கு முதல் வேலை மருத்துவச்சியை இக்கரைக்குக் கூட்டிவருவது, பிள்ளை பிறக்கும்வரை அவள் நம் காம்பராவிலேயே இருப்பாள் என்றார்.

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புள்ள பொறக்க இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் அந்தம்மாவ வச்சு யாரு சோறு போடுறது? எம் பொண்டாட்டி எப்பப் பெறணும்னும் நீதான் பெரட்டுல சொல்லுவியா, மச்சான்?" என்று கத்தினார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மாதான் அப்பாவிடம் மெல்லப் பேசினாள். "வரட்டுங்க. நீங்க தெரிஞ்சுக்கிட்டே பேசாதீங்க. அவளுக்கு வலி வந்த அன்னைக்கு மருத்துவச்சி அந்தக் கரையில நின்னா, இவன் இந்தக் கரையில நின்னான். கூப்பிட்டாக் கேக்குற தூரம். ஆறு விடல. தாயும் போச்சு, புள்ளையும் போச்சு." அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா யாரைச் சொல்கிறாள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அத்தைதான் ஊருக்குப் போயிருக்கிறாளே. வேறு யாரோ பாவம் என்று எண்ணிக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

மறுநாள் மருத்துவச்சி வந்தாள். பசுவும் வந்தது. பசு வேறு ஆளிடம் பால் விடாதாம், அதை விட்டுவிட்டு வர முடியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளை மரப்பாலத்தில் பிடித்து நடத்திவிட்டு, பசுவை ஆற்றின் மேல்பக்கம் அகலமான துறையில் இழுத்து வந்த மாமா தலைமுதல் கால்வரை சேறாக நின்றார். வந்த அன்றே பசு பக்கத்துக் காம்பராக்காரர்களின் மரவள்ளிச் செடியை மேய்ந்தது. அவர்கள் போட்ட கூச்சலையும் மாமாதான் கேட்டுக்கொண்டார். மருத்துவச்சி எங்கள் காம்பராவில் படுத்தாள். மாமா புகை போடும் வீட்டுக்குப் படுக்கப் போனார்.

பிள்ளை பிறக்கவில்லை. நாட்கள் போயின. மேல்மலையும் வெளுத்தது, கல்லும் பாதம்வரை தெரிந்தது. அம்மா நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் அரிசிப் பானைதான் வேகமாக இறங்கியது. "என்னங்க தொர, ஒங்க பெரட்டுக்குப் புள்ளையே வரலையே," என்று இஸ்தோப்பில் கேட்டார்கள். லயமே சிரித்தது. அப்பா அந்தப் பக்கமே போகாமல் பின்வழியாக வந்தார். எனக்கு மாமாவைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இவர் யாரோ, நான் யாரோ என்று இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் மருத்துவச்சிக்கும் அலுத்துவிட்டது. "நாளைக்கி நான் ஊட்டுக்குப் போறது. எனக்கு வேல இருக்கு," என்று வெற்றிலைப் பையைக் கட்டினாள். அன்றைய பெரட்டில் மாமா எங்களுக்கு வேலை எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு நாள் இருக்கச் சொன்னார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவள் உச்சுக்கொட்டிவிட்டு, சரி, ஒரு நாள் என்றாள்.

அந்த ஒரு நாள் விடியும்போதே மழையோடு விடிந்தது. பால்வெட்டு இல்லை என்று அப்பா வீட்டில் இருந்தார். மத்தியானத்துக்குமேல் ஆற்றின் இரைச்சல் லயம்வரை கேட்டது. எனக்குரிய வேலையாயிற்றே என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். கல் இல்லை. கழுத்தும் இல்லை, தலையும் இல்லை. பாலமாகக் கிடந்த மரமும் இல்லை.

திரும்பி ஓடி வந்தால் அம்மாவுக்கு வலி எடுத்திருந்தது. மருத்துவச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டிருந்தாள். ஊரே நனைந்து கிடந்த அந்த மழையில் எங்கள் பரணில் காய்ந்த விறகு இருந்தது. பானைகள் நிறைந்திருந்தன. சிம்னி பளிச்சென்று இருந்தது. துவைத்து மடித்த பழந்துணி மாமாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அது எங்கே, இது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் கையில் ஒன்றும் இல்லாமல் இங்கும் அங்கும் நடந்தார்.

அண்ணன் போய் மாமாவைக் கூட்டிவந்தான். "பாலம் போயிருச்சு மாமா," என்றேன். அவர் இஸ்தோப்புச் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உதடு நடுங்கியது. மழையில் நனைந்த குளிர் என்று நினைத்தேன்.

உள்ளே மருத்துவச்சியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது. பய வெண்ட எப்பா, பய வெண்ட எப்பா என்று, பயப்படாதே என்பதைச் சிங்களத்தில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அப்பா நடப்பதை நிறுத்தினார். நான் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் பளார் என்று ஓர் அடி, அதன் பின்னால் பிள்ளையின் அழுகை.

உதவிக்கு உள்ளே போயிருந்த பக்கத்துக் காம்பராப் பெண்ணை நாங்கள் சித்தி என்போம். அவள் வாசலுக்கு வந்து, "பொட்டப்புள்ள. கொடி சுத்திப் பொறந்துச்சு, அந்தம்மா இருந்ததால பொழச்சுச்சு," என்றாள். சொல்லும்போதே மாமாவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அவன் பிள்ளையை நேரே பார்க்கக் கூடாது. கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டி எடுத்துவைத்திருந்த எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் மட்டும் ஒரு சொட்டு இல்லை. சித்தி தன் வீட்டுக்கு ஓடினாள்.

மாமா அதற்கெல்லாம் நிற்கவில்லை. வாசல்படியில் நின்று, "அக்கா?" என்றார்.

"இருக்கேன் தம்பி. நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் அம்மா.

உள்ளே போனவர் பிள்ளையை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த சித்தி, நேரா பாக்காதீங்க, நேரா பாக்காதீங்க என்று அலறினாள். "ஆகாட்டிப் போகட்டும் தங்கச்சி. அக்காவும் இருக்கு, புள்ளையும் இருக்கு," என்று சொல்லிவிட்டு மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். வளர்ந்த ஆம்பிளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா தன்னுடைய காய்ந்த கம்பளியை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினார்.

மறுநாள் விளக்கு வைத்ததும் நாங்கள் சாப்பிட்டு முடித்து, பழக்கதோஷத்தில் அடுப்புக்கு முன்னால் போய் வரிசையாக நின்றோம். அப்பாகூட வந்து நின்றார். தட்டு ஆணியில் தொங்கியது. மாமா மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். ஆற்றில் தண்ணீர் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது என்று நான் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும்," என்றார். நாளைக்கு என்ன வேலை என்று அண்ணன் கேட்டான்.

"நாளைக்கா? விடியட்டும், பாத்துக்குவம்."

பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தவர், விடியுமுன் தப்பு அடித்தபோதும் எழுந்திருக்கவில்லை. அப்பா எழுப்பப் போனார், அம்மா விடவில்லை. "தூங்கட்டும் விடுங்க," என்றாள். வெயில் முகத்தில் விழுந்தபோதும் மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. இத்தனை நாள் கேட்டதும் அதைத்தான், ஆனால் விளையாடப் போக மனசு வரவில்லை.

நானும் அண்ணனும் இஸ்தோப்பில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சித்தி சொன்னது பலித்துவிட்டது. கொடி சுற்றிய பிள்ளையின் முகத்தை நேரே பார்த்ததில், அத்தனை சுறுசுறுப்பாக இருந்த மாமா ஒரே நாளில் சோம்பேறியாகிவிட்டார். பாவம் என்று எனக்கு அழுகையே வந்தது. அத்தை ஊரிலிருந்து திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும், மாமா தட்டை மறுபடியும் எடுப்பார் என்று அண்ணன் தைரியம் சொன்னான். அப்படித்தான் இருக்கும் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.