ஞாயிறுகளில் அழைக்க வேண்டாம்

டாக்டர்களுக்கு ஓய்வெடுக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஜேர்மனியில் அதுவும் ஒரு தொழில்தான். களைத்துப்போனவர்கள் என்னிடம் வந்து, வேலையையும் வீட்டையும் எப்படிப் பிரித்து வைப்பது என்று பேசிவிட்டுப் போவார்கள்.

வுப்பர்டால் நகரத்தில் இருந்து வந்தவள் நம் பிள்ளை, யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் டாக்டர். சிவப்பு விளக்கில் நின்ற காருக்குள்ளேயே தூங்கிவிட்டாளாம். "பின்னுக்கு நிண்டவன் ஹோர்ன் அடிச்சுத்தான் முழிச்சனான் அக்கா. இப்பிடியே போனா ஒருநாளைக்கு ஆரையாவது இடிச்சுப்போடுவன்" என்றாள். ஆளில் பாதியை ஆஸ்பத்திரி தின்னும், மீதியை நம் சனம் தின்னும். அவளுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்குத்தான் எல்லாரும் அழைப்பார்கள். குடும்ப டாக்டர் எழுதிய ஜேர்மன் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பி, "பிள்ளை, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்டால்தான் அவர்களுக்கு நித்திரை வரும்.

நாலாவது சந்திப்பில் என் முன்னாலேயே சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: ஞாயிறுகளில் எனக்கு அழைக்க வேண்டாம், மன்னியுங்கோ. மூன்று ஞாயிறு நன்றாகத் தூங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் என் கணவருக்கு நெஞ்சு இறுக்கியது, இடது கை உளைந்தது. வாயுவாக இருக்கும் என்று படுத்துவிட்டார். வாயுவுக்குப் போய் அம்புலன்ஸ் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு அழைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

உடனே எடுத்தாள். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "அக்கா, போனை வையுங்கோ! அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தினாள்.

மாரடைப்பு. பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அடுத்த சந்திப்பில் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணுக்குக் கீழே மறுபடியும் கறுத்திருந்தது. குழுவில் எழுதியதை அழித்துவிட்டேன் என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"நான் அண்டைக்கு எடுக்காமல் விட்டிருந்தா அண்ணை இருந்திருப்பாரோ அக்கா?"

எல்லா அழைப்பும் அப்படியல்ல, உன் உடம்பும் உடம்புதான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் மனுசன் வீட்டில் உயிரோடு இருக்கிறார். எந்த வாயால் சொல்வேன்? இப்படியே போனால் இந்தப் பிள்ளை விழுந்துவிடுவாள் என்றும் தெரியும்.

மேசையில் அவளுடைய போன் அதிர்ந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எடு என்று தலையாட்டினேன்.