செம்புத் தகட்டில் பரு

இன்றைக்கும் ஐயப்பனுக்கு மாலை போட்ட ஒருவரைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது பக்தி அல்ல, கோபம். பாதி எங்கள் மேனேஜர் மேல், பாதி என் மேல்.

திருப்பதியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, புத்தூர் பக்கம் புதிதாக வந்த செம்பு ஃபேக்டரியில் லேப் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பழைய செம்பு தாராளமாக இறங்கத் தொடங்கிய காலம். அதை உருக்கித் தகடாக வார்த்து, அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், சுத்தமான செம்பு எதிரே இருக்கும் மெல்லிய தகட்டில் போய்ப் படியும். ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் அமிலத்தில் தங்கும். அளவு மீறினால் திரிதிரியாக மிதந்து, செம்பின்மேல் ஒட்டிப் பரு பருவாக எழும்பும். அதனால் தினமும் கொஞ்சம் பழைய அமிலத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இது ஒன்றும் பரம ரகசியம் இல்லை. ஆனால் மேனேஜர் அமிலத்தை வெளியே எடுக்கும் வால்வை மூடச் சொல்லிவிட்டார். ஈடுகட்டப் புது அமிலம் வாங்குவது அவருக்குத் தண்டச் செலவு. ஆன்டிமனி ஏறுகிறது என்று தினமும் ரிப்போர்ட் எழுதினேன். படித்தாரோ, அதில் வடை மடித்தாரோ தெரியாது.

பரு எழும்பியது. அனுப்பிய லோடு அப்படியே திரும்பி வந்தது.

பழியை யார் தலையில் கட்டுவது? தொட்டியில் பசை ஊற்றுகிறவர் அகப்பட்டார். செம்பு வழவழப்பாகப் படிவதற்காக எலும்புப் பசையைக் கரைத்து ஊற்றுவது அவர் வேலை. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்கலாம் என்று பெங்களூர்க் கட்டட வேலையை விட்டு வந்தவர். அந்த மாதம் மாலை போட்டிருந்தார். மேனேஜருக்கு அது போதும். "விரதத்துல இருக்கறவன் மாட்டெலும்பைத் தொடுவானா? பசையே போட்டிருக்க மாட்டான். அப்படியே எழுதிக் கொடு" என்றார் தெலுங்கில்.

நான் பசை ஊற்றுகிறவரிடமே போய்க் கேட்டேன்.

"தொடாம இருப்பனா சார்? தெனம் அளந்து கரைச்சி ஊத்திட்டு, வூட்டுக்குப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுதான் சாமிகிட்ட நிக்கிறேன். வேலய உட்டுட்டு பூஜ பண்ணா, புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. டப்பாவில் பசை நாள்தோறும் குறைந்துகொண்டுதான் வந்தது, நானே பார்த்தேன். பார்த்தும் மேனேஜர் கேட்டபடி எழுதிக் கொடுத்தேன். என் வேலை போய்விடும் என்ற பயம். படித்த கோழை!

மாலை போட்டவரை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். மேனேஜர் அந்த மரியாதையைக்கூட விடவில்லை. "சாமி, நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார். வேலை போனவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பியூரெட் குழாயைப் பார்த்தேன். அந்த வாரமே பாகாலா ஜங்ஷனில் ரயிலேறித் தனியாகப் பெங்களூருக்குப் போய்விட்டார்.

அவரை அனுப்பிய மறுநாளே மேனேஜர் வால்வைத் திறக்கச் சொன்னார், சத்தமில்லாமல். ஆன்டிமனி இறங்கியது. தகடு கண்ணாடி மாதிரி வந்தது. முதலாளியைக் கூட்டிவந்து அதைத் தட்டிக் காட்டினார்.

"ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு, பாருங்க. வேணும்னா கெமிஸ்டையே கேளுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஆமாம் சார்" என்றேன்.