வழுதுணங்காய்

என் கணவர் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தியவர். காய்கறிக் கடையிலும் பெயர்களைத்தான் ஆராய்வார். பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய் என்பார். கத்தரிக்காய்க்குப் பழைய பெயர் வழுதுணங்காய். வழுவழுவென்று இருப்பதால் அப்படி வந்திருக்கலாம், நிச்சயமில்லை என்பார். கடைக்காரர் பையை நீட்டியபடி நிற்பார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. கண் மட்டும் நிறையும்.

பேச்சுப் பயிற்சிக்காக வாரா வாரம் விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். அங்கே ஒரு பெண் பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பாள். மாடு, நாற்காலி, குடை எதற்கும் அவருக்குச் சொல் வரவில்லை. கத்தரிக்காய்ப் படம் வந்ததும் கழுத்து நரம்பு புடைக்க, "வழு... வழுதுணை" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்னமோ உளர்றாருங்களே?"

"இல்லம்மா. அது கத்தரிக்காயோட பழைய பேரு. கரெக்டாதான் சொல்றாரு."

"அப்ப நல்லதுதாங்க. வீட்ல கத்தரிக்காயக் கையில குடுத்து, கேட்டுக்கினே இருங்க."

அன்று திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்று வந்தால் மற்றதும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நானும் அதை நம்பினேன்.

அந்த ஒரு சொல்தான் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வழுதுணை, வலித்தாலும் வழுதுணை. மகள் பெங்களூரிலிருந்து போனில் கூப்பிட்டாள். "அப்பா, நான்தாம்பா" என்றாள். அவளையும் அதைச் சொல்லித்தான் அழைத்தார். தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. இடது கையால் வாயில் அடித்துக்கொண்டார்.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அட்டைகளைக் கீழே வைத்தாள்.

"சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும்ங்கம்மா. அதுக்கு அர்த்தம்னு ஒண்ணும் கெடையாது."

"இதுக்கப்புறம் வேற வராதாம்மா?"

"வர்றது கஷ்டம்ங்க. சும்மா ஆசை காட்டக் கூடாது, அதான் சொல்றேன்."

அதற்குப் பிறகு விழுப்புரம் போகவில்லை. பார்க்க வந்துகொண்டிருந்த அவருடைய மாணவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் முகம் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன். அவர் சாலையைப் பார்க்கிறார். முன்பெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே சோறு ஊட்டுவேன். இப்போது நானும் பேசுவதில்லை.