பன்னிரண்டு படகுகளும் ஒரு முறைக்கொப்பியும்

நிலாவெளிக் கரையிலிருந்து பன்னிரண்டு படகுகள் புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகின்றன. எந்தப் படகில் போவது என்பதை வருகிறவர்கள் தீர்மானிப்பதில்லை, முறைதான் தீர்மானிக்கும். நேற்றுக் கடைசியாகப் போன படகுக்கு அடுத்தது இன்று முதலில் இறங்கும். அந்த முறையை எழுதும் கொப்பி ஆறு வருடமாகப் பஸ்மியாவின் கையில் இருந்தது. அவளுடைய கணவன் இக்ராமுக்கும் அதில் ஒரு படகு உண்டு. அது தெரிந்தேதான் கொப்பியை அவளிடம் கொடுத்தார்கள். அதைப்பற்றி அவள் யாரிடமும் பெருமையாகப் பேசியதில்லை. ஆனால் அவளுக்கென்று இருந்த மதிப்பு முழுவதும் அந்தக் கொப்பிக்குள்தான் இருந்தது.

போன மாரியில் படகுகளைக் கரையேற்றியபின், நாற்பத்திரண்டு வயதில், அவள் இணையத்தளம் செய்யப் படிக்கப் போனாள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறித் திருகோணமலை டவுனுக்குப் போய், கௌசிகா என்ற இளம்பெண் நடத்திய வேர்ட்பிரஸ் வகுப்பில் இருந்தாள். பயப்படாமல் அமத்துங்கோ அக்கா, ஒன்றும் உடையாது என்று கௌசிகா சொல்லிக்கொண்டேயிருப்பாள். உடைந்துவிடும் என்று பஸ்மியா பயப்படவில்லை. ஒரு பொத்தானை அமத்தியதும் தெரியாத மனிதர்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்பதுதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. முதல் மாதம் முழுவதும் எழுதுவாள், திருத்துவாள், வரைவாகச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

சித்திரையில் படகுகள் இறங்கியபோது தளமும் இறங்கியது. அழகான தளம் என்று சொல்ல முடியாது. எழுத்துக்கள் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தன. இரண்டு படங்களில் கடல் சாய்ந்திருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை படகில்லை என்பதும், கடல் கொந்தளித்தால் யார் வந்து கேட்டாலும் போவதில்லை என்பதும் முதல் வரியிலேயே இருந்தன. தன் ஊரைத் தெரிந்த ஒருத்தி செய்தது என்பது அதில் தெரிந்தது.

ஒவ்வொரு படகையும் ஒரு தனிப் பதிவாக அவள் ஏற்றினாள். ஸெய்னுதீன் காக்காவின் படகை முதலில் ஏற்றினாள்; கரையில் எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் மூத்தவர் அவர். பிறகு மற்றவர்களுடையதை ஏற்றினாள். தன் வீட்டுப் படகை முதலில் போடுவது முறையல்ல என்று இக்ராமின் படகைக் கடைசியாக ஏற்றினாள். திரையில் அது எல்லாவற்றுக்கும் மேலே நின்றதை அவளும் கண்டாள். கடைசியாகக் கைவைத்ததைத் தனக்கு மட்டும் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு கிழமை போகவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் போனை நீட்டி, முதலில் இருக்கிற இந்தப் படகுதான் வேண்டும் என்றது. முறையை விளங்கப்படுத்தினால் வேறு கரைக்குப் போய்விடுவார்கள் போலிருந்ததால், அன்றைய முறைக்காரர் முத்தலிப் தானாகவே இக்ராமுக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை பஸ்மியா வகுப்பில் இருந்தபோது இன்னும் இரண்டு தடவை அப்படியே நடந்தது. அவள் பஸ்ஸால் இறங்கி வந்தபோது கொப்பி ஸெய்னுதீனின் மடியில் இருந்தது.

"தங்கச்சி, தளம் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் அவர். "உங்கட ஊட்டுக்கு."

சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை கூடி, கொப்பி யாரிடம் இருப்பது என்று முடிவெடுப்போம் என்றார்கள்.

அவள் கௌசிகாவுக்குப் போன் எடுத்தாள். கடைசியாக ஏற்றியதுதான் எல்லாருக்கும் மேலே தெரியும், வகுப்பில் சொன்னேனே அக்கா என்றாள் கௌசிகா. பிறகு, உங்கள் கணவருடையதை ஏன் கடைசியாகப் போட்டீர்கள் என்று கேட்டாள். பஸ்மியா காரணத்தைச் சொன்னாள். அதைக் கேட்டபின் கௌசிகா, ஒரு பதிவின் திகதியை மாற்றினால் அதன் இடமும் மாறும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

ஞாயிறன்று பஸ்மியா எதையும் விளங்கப்படுத்தவில்லை. போனை ஸெய்னுதீனிடம் கொடுத்து, அவருடைய படகின் திகதியை அவர் கையாலேயே மாற்றச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தடித்த பெருவிரலால் மூன்று தரம் பிழையாக அமத்தி, நான்காம் தரம் சரியாக்கினார். அடியில் கிடந்த அவருடைய படகு மேலே வந்து நின்றது.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "அப்ப இதில பிந்தி வாறவன்தான் முதலா?"

"ஓம் காக்கா. எங்கட ஆளைக் கடைசியாப் போட்டனான்."

"இது என்ன ஒழுக்கம் கெட்ட சாமான்," என்றார் அவர். இப்போது முத்தலிப் சிரித்தார்.

பஸ்மியா சிரிக்கவில்லை. கூடுதலாக ஓடிய மூன்று முறைக்கும் ஈடாக இக்ராமின் படகு மூன்று முறை கரையில் நிற்கும் என்று அவளே சொன்னாள்.

"இதை ஊட்ட வச்சிச் சொல்லியிருக்கலாமே," என்றான் இக்ராம், ஆனால் மறுக்கவில்லை.

ஸெய்னுதீன் கொப்பியை மடியிலேயே வைத்துக்கொண்டு, நாளைக்கு யாருடைய முறை என்று கேட்டார். கொப்பியைப் பார்க்காமலே, முத்தலிப் காக்காவினுடையது என்றாள் பஸ்மியா. அவர் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்தார். பிறகு கொப்பியை நீட்டினார்.

இப்போது ஒவ்வொரு காலையும் முதல் படகு இறங்குமுன் அன்று முறை வரும் படகு மேலே நிற்கும்படி அவள் ஒரு திகதியை மாற்றுகிறாள். ஸெய்னுதீன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அவளுடைய தோளுக்கு மேலால் பார்க்கிறார். பார்க்கட்டும் என்று அவளும் போனைக் கொஞ்சம் சரித்துப் பிடிக்கிறாள்.