முதல் வாய்த் தண்ணீரும் முதல் ஊசியும்

எங்கள் மலையின் பழைய நினைவுகளை எழுதி வாங்கித் தொகுக்கும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு எனக்கு வாய்க்கவில்லை. தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டத்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு, மளிகைப் பொட்டலம் மடித்து வந்த செய்தித்தாள்களைப் படித்தே தமிழ் எழுதப் பழகினேன். நடையில் பிழை இருப்பின் பொறுத்தருளுங்கள். நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

எழுபதுகளின் முற்பகுதி அது. பல நாடுகளைச் சுற்றிவந்த காலரா எங்கள் மலையடிவாரத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்தே செல்வது எங்கள் தோட்டத்து வழக்கம். அக்கூட்டத்தை நடத்திச் செல்பவர் என் தகப்பனார். எழுபது வயதைக் கடந்தவர். வழியில் எந்த ஓடை குறுக்கிட்டாலும், கூட்டத்தில் மூத்தவர் முதல் வாய்த் தண்ணீரைக் குடித்த பிறகே மற்றவர்கள் குனிந்து கை நனைக்கலாம். அந்த உரிமை பல ஆண்டுகளாக அவருடையதாக இருந்தது.

பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன், சுகாதார ஆய்வாளரையும் அவருடைய ஐஸ் பெட்டியையும் வத்தலக்குண்டிலிருந்து நான்தான் ஏற்றி வந்தேன். காலரா ஊசி மருந்து அனைவருக்கும் போதுமான அளவில் வரவில்லை.

“வயசானவங்க முதல்ல வாங்க. இந்த நோய் உங்களத்தான் சீக்கிரம் சாய்க்குது” என்றார் ஆய்வாளர்.

காப்பி காயவைக்கும் களத்தில் கூடியிருந்த முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினார்கள். இளையவர்களுக்கு விட்டுக்கொடுப்பதே தங்களுக்கு அழகு என்று அவர்கள் எண்ணினார்கள். முதலில் ஒதுங்கியவர் என் தகப்பனார்.

“வாழ்ந்து முடிச்ச கட்டைக்கு எதுக்குங்க ஊசி? சோலிக்குப் போற பிள்ளைகளுக்குப் போடுங்க” என்றார்.

அவருடைய தங்கை, என் அத்தை, சும்மா இருப்பவரல்லர். “ஆமாண்ணே, காவடி தூக்குற தோளு, ஊசியக் கண்டதும் தருமம் பேசுது!” என்றார். களமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் வேறு எந்த முதியவரும் கை நீட்டமாட்டார் என்பதை அறிவேன். அவரை அடிவாரத்தில் பறிகொடுத்துவிட்டுத் திரும்ப நேருமோ என்று அஞ்சினேன்.

“அப்பா, ஓடையில முதல்ல வாய் வைக்கிறது யாரு?” என்று கேட்டேன்.

“நான்தான். இது என்னலே கேள்வி?”

“தண்ணியில வர்ற நோவு அப்ப யாருக்குள்ள முதல்ல போகும்? முதல் தண்ணி உங்களுக்குன்னா முதல் ஊசியும் உங்களுக்குத்தான். பெரியவர் நிக்கையில சின்னது முந்துறது நம்ம வழக்கமா?”

 அவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆய்வாளர் முன் போய் உட்கார்ந்தார்.

“ஏலே, பேச்சுல மடக்கிப்புட்ட. போடுங்க சார், வெரசா.”

அதன் பின் களத்தில் வேறொரு வழக்கு மூண்டது. வயதின்படிதான் வரிசை என்றானதும், யார் மூத்தவர் என்று சண்டை. “நான் பெரிய புயல் வருசத்துக்கு முந்திப் பெறந்தவ, தள்ளி நில்லு” என்று அத்தை ஒரு கிழவரைத் தள்ளிவிட்டு முன்னே போனார். அதுவரை தம் வயதைக் குறைத்தே சொல்லிவந்தவர் அவர்! அன்றிரவு ஊசி போட்டுக்கொண்ட அனைவருக்கும் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. என்னைத் திட்டாத வீடு இல்லை.

பயணத்தில் கொதிக்கவைத்த நீரைச் சுமந்து சென்றோம். அது அடிவாரத்தில் தீர்ந்துபோயிற்று. வாய்க்கால் நீரை வழக்கப்படி அப்பாவே முதலில் பருகினார். நாங்கள் தடுப்பதற்குள் பருகிவிட்டார்; மற்றவர்களை நான் குடிக்க விடவில்லை. பழனியை அடைந்த பின் அவருக்கு வாந்தியும் பேதியும் தொடங்கின. தற்காலிக மருத்துவ முகாமுக்குத் தூக்கி ஓடினேன். சலைன் ஏற்றினார்கள். அங்கே வேறு ஊர்க் கூட்டங்களிலிருந்து வந்த முதியவர்கள் சிலரை வேட்டியால் மூடி வெளியே எடுத்துச் சென்றதை என் கண்ணால் கண்டேன்.

“ஊசி போட்டிருந்தாரா?” என்று முகாம் மருத்துவர் கேட்டார். போட்டிருந்தார் என்றேன்.

“ஊசி மட்டுமே காப்பாத்தும்னு சொல்லமாட்டேன். தண்ணியும் சுத்தமா இருக்கணும், சிகிச்சையும் வேணும். ஆனா இங்க சாகுற பெரியவங்கள்ல முக்காவாசிப் பேரு ஊசி போடாதவங்க” என்றார் அவர்.

அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டபோது, வெளியே போய் நின்று அழுதேன். எங்கள் கூட்டத்து முதியவர்கள் ஒருவர் குறையாமல் மலையேறித் திரும்பினார்கள். அந்நாள்முதல், எண்பதுகளிலும், எந்த நோய்க்கு ஊசி வந்தாலும் எங்கள் தோட்டத்தில் முதியவர்களே முதலில் கை நீட்டினார்கள். அவ்வரிசையை அமைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். என் தகப்பனார் பின்னும் பல பங்குனிகளைக் கண்டு, முதுமையால், தம் வீட்டிலேயே அமைதியாகக் காலமானார்.

ஐயா, அம்மா, இதைப் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.