மெயினுக்கு முன்னால் ஓடுவது

இன்று காலை நீர்வேலி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தவள், பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த தாரணி. கையில் ஆறு மாதக் குழந்தை.

என் மடியில் லப்டொப். எங்கள் சிறிய நிறுவனத்துக்காக வாழைத்தோட்டம் ஒன்றுக்கு நான் செய்து கொடுத்த கருவி, மண்ணின் ஈரத்தைச் சென்சரால் அறிந்து தண்ணீர்ப் பம்பை நிறுத்த வேண்டியது; ஆனால் மண் நனைந்த பிறகும் நிறுத்துவதில்லை. "இண்டைக்கும் சரிவராட்டி கழட்டிக்கொண்டு போ தங்கச்சி" என்று தோட்டக்கார அண்ணை சொல்லிவிட்டார்.

விசயத்தைக் கேட்ட தாரணி, குழந்தையை என்னிடம் தந்துவிட்டு லப்டொப்பை வாங்கினாள்.

"உன்ரை புரோகிராமிலை மெயினுக்கு முதல் என்ன ஓடுது எண்டு பாத்தனியே?"

"மெயின்தானே முதல் ஓடுறது?" புரோகிராமின் முதன்மைப் பகுதிக்குத்தான் மெயின் என்று பெயர்.

சிரித்தாள். "இல்லையடி. சென்சரைத் தயார்ப்படுத்துற வேலையெல்லாம் அதுக்கு முதலே நடக்கோணும். நாங்கள் எழுதினதை மெசின் மொழிக்கு மாத்துற கொம்பைலர் அந்த வேலைகளை ஒரு பட்டியலாப் போட்டு வைச்சிருக்கு. துண்டுகளைச் சேத்துக் கட்டுற லிங்கர், பட்டியலை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை எண்டு எறிஞ்சுபோட்டுது."

லிங்கருக்கான கோப்பில், அந்தப் பட்டியலை எறியாதே என்று பொருள்படும் ஒரேயொரு சொல்லைச் சேர்த்தாள். பஸ் இன்னும் கோப்பாயைக்கூடத் தாண்டவில்லை. மூன்று நாளாக நான் சென்சரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் திருத்திய புரோகிராமைக் கருவியில் ஏற்றினேன்; மண் நனைந்ததும் பம்பு தானாக நின்றது. அண்ணை தந்த கதலி வாழைப்பழச் சீப்பைத் திரும்பும் வழியில் தாரணி வீட்டில் கொடுத்துவிட்டு, "எங்களோடை வேலைக்கு வாவன்" என்றேன்.

"பிள்ளை நடக்கத் துவங்கட்டும், வாறன்."

மெயின்தான் முதலில் ஓடுகிறது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தவர்கள் இங்கே வேறு யாரும் உண்டா? தனியாக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.