தொப்பியைக் கழற்றி நின்றவர்

“குண்டு போடப் போனவங்களுக்கு ஜெபம் பண்ணி அனுப்பினவரைப் பத்தி நீ என்ன எழுதப் போற? கீழே ரங்கூன்ல நம்ம சனமும் இருந்துச்சே” என்று, இறந்துபோன அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்த என்னிடம் சித்தப்பா கேட்டார். அவருடைய மாமனார் வீட்டார் இரண்டாம் உலக யுத்தகாலத்தில், ஜப்பான் பிடித்திருந்த ரங்கூனில் இருந்தவர்கள். பிறகு அவர்களைப் பற்றித் தகவலே இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் அன்று எழுதத் தொடங்கிய தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அப்பா பாளையங்கோட்டை அருகே பனையேறும் குடும்பத்தில் பிறந்தார். மிஷன் பள்ளியில் படித்து, குருப்பட்டம் பெற்ற சில மாதங்களில் படைக்குருவாகப் போனார். கிழக்கு எல்லையில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பும் தளம் அது. வீரர்களின் சண்டையை விலக்குவதும், திரும்பி வராதவர்களின் சாமான்களைப் பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்புவதும் அவர் வேலை. கிளம்புமுன் ஒவ்வொரு குழுவுக்காகவும் சத்தமாக ஜெபிப்பார். கடைசி விமானமும் மறைந்த பிறகு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தனியே நிற்பார்.

அறுபதுகளின் இறுதியில் கனடாவுக்கு, மாண்ட்ரியல் வந்தபோது இங்கே எந்தச் சபையும் அவருக்குப் பிரசங்க பீடம் தரவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடத்தில் தட்டு அடுக்கினார். என் படிப்பு அந்தத் தட்டுகளில்தான் நடந்தது. இடைவேளையில் பின்வாசலில் தொப்பியைக் கழற்றி நின்று, விமானம் மறையும்வரை பார்ப்பாராம். உடன் வேலை செய்தவர்கள் கேலியாக ‘மோன் பேர்’, அதாவது பிரெஞ்சில் ஃபாதர், என்று கூப்பிட்டார்கள். தான் உண்மையிலேயே குருவானவர் என்று அப்பா சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசி நாட்களில், மருத்துவமனையில், யாருக்காக அப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

“ஒருநாள் பறக்காம தரையில இருந்து என்னைப் பார்த்த ஒருத்தன், மறுநாள் விமானத்துல ஏறும்போது இதையேதான் கேட்டான். உங்களுக்காகத்தான்னு சொன்னேன். நிம்மதியா ஏறிப் போனான்.”

“உண்மைதானேப்பா?”

“பாதி. மீதி கீழே இருக்கிற சனத்துக்கு. அதை அவன்கிட்ட எப்படிச் சொல்ல? அந்த விமானம் திரும்பல. அப்புறம் எப்ப நின்னாலும் அவன் முகம்தான். ஜெபம் முழுசும் அவனுக்கே போயிடுச்சு பிள்ள.”

“அப்போ கீழே இருந்தவங்களுக்கு?”

“அந்தக் கடன் அப்படியே நிக்குது” என்றார். தண்ணீர் கேட்டார்.

அவர் செய்தது சரியா, அந்த வீரனிடம் சொன்னது பொய்யா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மாவைக் கேட்டால், உங்கப்பாவுக்கே விளங்கலையே என்கிறார். சித்தப்பாமேல் கோபப்படவும் முடியவில்லை, அப்பாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பனியில் கல்லறைவரை வந்த சமையல்கூட நண்பர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் நன்றி. சவப்பெட்டியை முன்னால் நின்று சுமந்த சித்தப்பாவுக்கும்.

இதை எழுதி முடிக்குமுன் டோர்வலுக்குப் பஸ் ஏறினேன். வேலியோரம் நின்றேன். ஒரு விமானம் எழும்பி மேகத்தில் மறைந்தது. ஜெபிக்கும்போது பெண்கள் தலையை மூடுவது எங்கள் வழக்கம். மகளான நான் அப்பாவைப் போலக் கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். சித்தப்பாவின் மாமனார் வீட்டாருடைய பெயர்களை முந்தின நாளே அவரிடம் கேட்டு வைத்திருந்தேன். அவர்களிலிருந்து ஜெபத்தைத் தொடங்கினேன்.